தொங்கணி

மார்கழித் திங்களின் இறுதி நாள் போகித் திருநாள். அந்நாளில் தமிழ்நாட்டு இல்லங்களில் ஒட்டடை அடிப்பர். சுவருக்கு வெள்ளை பூசுவர். வேண்டாத பொருள்களைக் களைவர். வீடு தூய்மையுற வேண்டும் என்பது அந்நாளின் நோக்கம். ஆயினும், எது வேண்டாத பொருள் என்று துணிவது எளிதன்று. கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் ஐயத்திற்கு இடம் தருவதில்லை. பெட்டியின் அடியிலும் மாடக்குழியின் மூலையிலும் கிடக்கும் சிறு பொருள்களே கையைத் தயங்கச் செய்கின்றன.

ஒரு வீட்டில் போகிக்கு முன்னாள் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறக்கப்பட்டது. அதனுள் உடைந்த கண்ணாடி வளையல்கள் ஒரு கை நிறைய இருந்தன. பித்தளைத் தாயக்கட்டை ஒன்று இருந்தது. அதன் இணையைக் காணவில்லை. மூடி இழந்த குங்குமச் சிமிழ், கொலுசிலிருந்து உதிர்ந்த சதங்கைகள், பல நிறப் பொத்தான்கள், ஆணி தேய்ந்த பம்பரம், காம்பு வளைந்த சிறு கரண்டி, சில சோழிகள் ஆகியனவும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாண் நீளமுள்ள இரும்புச் சாவி ஒன்று கிடந்தது.

“இவற்றுள் ஒன்றேனும் பயன்படுமா? பெட்டியோடு பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம்” என்றாள் தாய்.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மகள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டாள். “அம்மா, இவற்றைக் கோத்து நான் ஒரு தொங்கணி செய்கிறேன். பொங்கலன்று வாயிலில் கட்டலாம்” என்றாள்.

அருகில் அமர்ந்திருந்த பாட்டி ஒன்றும் மறுத்துரைக்கவில்லை. சாவியை மட்டும் கையில் எடுத்தார். “மற்றவற்றை எடுத்துக்கொள், அம்மா. இது வேண்டா” என்று கூறி, அதனை மடியில் முடிந்துகொண்டார்.

அச்சிறுமி மேற்கொண்ட பணி எத்தகையது என்பதையும், அதனைச் செம்மையாகச் செய்யும் முறையையும் இப்பாடத்திற் காண்போம்.

பயனின்மையின் காரணம்

தகரப்பெட்டியிற் கிடந்த பொருள்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அவற்றுட் பெரும்பாலானவை கெட்டுப் போனவை அல்ல. தாயக்கட்டையின் புள்ளிகள் அழியவில்லை. அதன் இணைதான் போயிற்று. சிமிழின் உடல் பழுதுறவில்லை. அதன் மூடிதான் தொலைந்தது. பொத்தானில் குறையொன்றும் இல்லை. அதனைத் தாங்கிய சட்டைதான் கிழிந்தது. எனவே, பயனின்மை என்பது பெரும்பாலும் பொருளின் குற்றம் அன்று; அது தனக்குரிய துணையையும் இடத்தையும் இழந்ததன் விளைவே ஆகும். துணையிழந்த ஒன்றுக்குப் பழைய துணையைத் தேடித் தருதல் இயலாது. புதிய துணையைத் தருதல் இயலும். புதிய இடத்தைத் தருதலும் இயலும். அதனைச் செய்வதே தொங்கணி.

பழம்பொருளை மீளப் பயன்படுத்துவதில் இருவகை உண்டு. பித்தளையை உருக்கி மீண்டும் பித்தளையாக வார்ப்பது ஒருவகை. இதனை மறுசுழற்சி என்பர். இதில் பொருளின் உருவம் அழிகிறது. உருக்குவதற்கு எரிபொருளும் செலவாகிறது. பொருளை உருக்காமல், அதன் உருவத்தைக் கூடியவரை காத்து, முன்னிருந்ததினும் சிறந்த நிலையில் வைப்பது மற்றொரு வகை. தாயக்கட்டை தாயக்கட்டையாகவே நின்று, அணியின் ஓர் உறுப்பாகவும் ஆவது இவ்வகையின்பாற் படும். இதனை உயர்பயனாக்கம் எனலாம்.

தூங்கலும் தோரணமும்

பொருள்களைத் தொங்கவிட்டு அழகு காணுதல் தமிழருக்குப் புதிதன்று. பழந்தமிழில் தூங்குதல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல், அசைதல் என்னும் பொருள்களும் உண்டு. பனையிலும் ஈந்திலும் கூடு கட்டித் தொங்கவிடும் பறவைக்குத் தூக்கணாங்குருவி என்னும் பெயர் வழங்குதல் அறிக. அது புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்துப் பின்னுகிறது. கூட்டினுள்ளே களிமண்ணையும் அப்பி வைக்கிறது. காற்றில் ஆடும் கூட்டிற்கு நிலைபேறு தருவதற்காகவே அம்மண் வைக்கப்படுகிறது என்று கருதுவோர் உளர்.

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் புகார் நகரின் இந்திர விழாவைக் கூறுமிடத்துத் தோரணம் நாட்டிய வீதிகளைக் காட்டுகின்றன. இன்றும் மங்கல நாள்களில் வாயிலில் மாவிலைத் தோரணமும், பந்தலில் தென்னங்குருத்துத் தோரணமும் இடம்பெறுகின்றன. தஞ்சாவூர்ப் பகுதியில் தேர்களுக்கு அணியாகத் தொங்கவிடப்படும் தொம்பைகள் வண்ணத் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டுவேலையாகத் தைத்து அமைக்கப்படுபவை. முற்காலத்து அடுக்களையில் தொங்கிய உறியும், கூடத்தில் தொங்கிய சரவிளக்கும் பயனும் அழகும் ஒருங்கே உடையனவாக விளங்கின. சிறுமி கட்ட விரும்பிய தொங்கணி இம்மரபில் வந்ததே.

உடைவளைச் சங்கிலி

தொங்கணிக்கு உதவும் பொருள்களுள் உடைந்த கண்ணாடி வளையல் சிறந்தது. வளையற் கண்ணாடி மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் கலந்து உருக்கப்படுவது. அது மண்ணில் எறியப்பட்டால் மக்குவதில்லை. நடப்பவர் காலைக் கிழிப்பதும் உண்டு. ஆனால், பனிக்கட்டியைப் போலக் குறித்த ஒரு வெப்பநிலையில் சட்டென உருகாமல், சூடேறச் சூடேறச் சிறிது சிறிதாக இளகுவது கண்ணாடியின் இயல்பு. ஏறத்தாழ 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது தன் எடையாலேயே தொய்யத் தொடங்கும். மெழுகுவர்த்திச் சுடரின் வெப்பமான பகுதி அதனினும் மிகுந்த வெப்பமுடையது. ஆதலால், மெல்லிய வளையல் துண்டை ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே வளைத்தல் கூடும். தமிழ்நாட்டுப் பெண்கள் இவ்வாறு உடைவளைகளைச் சங்கிலியாக்கி வாயிலிலும் பூசையறையிலும் தொங்கவிட்டனர்.

துண்டின் ஒரு முனையை இடுக்கியாற் பிடித்து, அதன் நடுப்பகுதியைச் சுடரின் மேல் ஓரத்திற் காட்ட வேண்டும். சுடரின் மஞ்சள் நிறப் பகுதிக்குள் நுழைத்தால் கரி படியும். சற்று நேரத்தில் துண்டு இளகி, இரு முனைகளும் நெருங்கிவரும். முனைகள் கூடியதும் அது ஒரு வளையமாகும். அடுத்த துண்டை முதல் வளையத்தினுள் நுழைத்த பின்னரே சுடரிற் காட்டி மூட வேண்டும். இவ்வாறு ஒன்றோடொன்று கோத்துச் செல்லச் சங்கிலி நீளும். பச்சையும் சிவப்பும் நீலமும் மாறிமாறி வருமாறு அமைத்தால் வெயில் படுங்காலத்து நிறங்கள் ஒளிரும்.

இப்பணியில் எச்சரிக்கை மிக வேண்டும். பெரியவர் ஒருவர் அருகிருத்தல் கட்டாயம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். தளர்ந்து தொங்கும் ஆடையும் அவிழ்ந்த கூந்தலும் ஆகா. சூடான கண்ணாடிக்கும் ஆறிய கண்ணாடிக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆதலால், ஆறிற்று என்று எண்ணி விரைந்து தொடுதல் கூடாது. விரைவில் ஆற்றக் கருதி நீரில் இட்டால் அது வெடித்துச் சிதறும். உலர்ந்த மணலின்மீது வைத்துத் தானே ஆறவிடுதல் நன்று. பிளாஸ்டிக் வளையலைச் சுடரிற் காட்டவே கூடாது. அது தீப்பற்றி நச்சுப்புகை கக்கும்.

சமன் செய்யும் முறை

ஒரே கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவது எளிய தொங்கணி. மூங்கிற் குச்சிகளின் முனைகளிற் பொருள்களைக் கட்டி, ஒரு குச்சியின் கீழ் மற்றொன்றாக அடுக்குவது அதனினும் உயர்ந்தது. அஃது இளங்காற்றிலும் சுழன்று சுழன்று புதுப்புதுத் தோற்றம் காட்டும். இதனை அமைப்பதற்கு நெம்புகோல் தத்துவம் தெரிந்திருத்தல் வேண்டும். எடையைத் தூரத்தாற் பெருக்கிவரும் தொகை இருபுறமும் ஒத்திருப்பின் குச்சி கிடைநிலையில் நிற்கும்.

சான்றாக, 20 செ.மீ. நீளமுள்ள குச்சியின் ஒரு முனையில் 20 கிராம் எடையுள்ள தாயக்கட்டையும், மறுமுனையில் 5 கிராம் எடையுள்ள பொத்தான் கொத்தும் தொங்குவதாகக் கொள்க. தாயக்கட்டையிலிருந்து 4 செ.மீ. தொலைவில் தொங்குநூலைக் கட்டினால், ஒருபுறம் 20-ஐ 4-ஆற் பெருக்க 80. மறுபுறம் 5-ஐ 16-ஆற் பெருக்க 80. குச்சி சமனாக நிற்கும். குச்சிக்கும் சிறிது எடை உண்டாதலின், நூலைக் குச்சியின் நடுவை நோக்கிச் சற்று நகர்த்த நேரிடும். எனவே, நூலை முதலில் இறுக முடியாமல் நகர்த்திப் பார்த்து, சமன் கண்டபின் முடியிட வேண்டும்.

இதில் தொடங்குவோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. அவர்கள் மேற்குச்சியை முதலிற் கட்டிவிட்டுக் கீழ்நோக்கி வருவர். கீழே ஒரு பொருள் சேருந்தோறும் மேலே கட்டியது சாயும். கீழடுக்கை முதலிற் சமன் செய்து, அதனை ஒரே பொருளாகக் கருதி மேலடுக்கிற் கட்டுதலே முறை. கட்டுவதற்கு உறுதியான நூலையோ மெல்லிய செப்புக் கம்பியையோ கொள்ளலாம்.

தொங்கணி ஒலிக்கவும் வேண்டுமாயின் உலோகப் பொருள்களை ஒன்றோடொன்று மெல்ல மோதுமாறு அணித்தே கட்ட வேண்டும். கட்டும் இடமும் ஒலியை மாற்றும். ஒரே பருமனுள்ள உலோகக் குழாயை நுனியிலிருந்து அதன் நீளத்தில் ஏறத்தாழ ஒன்பதில் இரண்டு பங்கு தொலைவிற் கட்டினால் ஒலி நெடிது நீடிக்கும். குழாய் அதிரும்போது அசையாதிருக்கும் இடம் அதுவே. 18 செ.மீ. குழாய்க்கு அவ்விடம் 4 செ.மீ. ஆகும். வேறிடத்திற் கட்டினால் கயிறு அதிர்வை அடக்கிவிடும்.

உலகம் போற்றிய தொங்கணிகள்

வீட்டுச் சிறார் செய்யும் இவ்வேலையை உலகம் போற்றும் கலையாக உயர்த்தியவர்களும் உளர். அமெரிக்காவிற் பிறந்த அலெக்ஸாண்டர் கால்டர் (1898-1976) அவர்களுள் ஒருவர். அவர் 1919-இல் இயந்திரப் பொறியியலிற் பட்டம் பெற்றுப் பின்னர்ச் சிற்பியானார். அசையாமல் நிற்பதே சிற்பம் என்று பலர் கருதிய காலத்தில், காற்றில் அசையும் சிற்பங்களைக் கம்பியாலும் தகட்டாலும் அவர் படைத்தார். அவருடைய அசையும் படைப்புகளுக்கு மார்செல் டூஷாம்ப் என்னும் கலைஞர் 1931-இல் மொபைல் என்று பெயரிட்டார். இன்று கைப்பேசிக்கு வழங்கும் அச்சொல் அன்று அசையும் சிற்பத்திற்குப் பெயராயிற்று. கால்டர் 1948-இல் செய்த மீன் ஒன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. கம்பியால் ஆகிய அம்மீனின் வயிற்றுள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் கண்டெடுத்த சிறு பொருள்களும் தொங்குகின்றன. 1955-இல் அவர் இந்தியாவிற்கு வந்து அகமதாபாதில் தங்கிப் பல சிற்பங்களைச் செய்தார்.

மற்றொருவர் எல் அனட்சுயி. அவர் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் 1944-இல் பிறந்தவர். நைஜீரியாவின் இன்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் 1975 முதற் பல்லாண்டு ஆசிரியராகப் பணியாற்றியவர். 1990-களின் இறுதியில், எறியப்பட்ட மதுப்புட்டி மூடிகள் நிறைந்த பை ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அவற்றைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் இணைத்து, பட்டாடை போல மடிந்து தொங்கும் பெருந்திரைகளாக அவர் ஆக்கினார். 2023-இல் இலண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடப் பெருங்கூடத்தில் அவருடைய திரைகள் தொங்கவிடப்பட்டன. அம்மூடிகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுவந்த வணிகப் பொருள்களுள் மது ஒன்று. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்ற கொடிய வணிகத்தோடும் அது தொடர்புடையது. அந்நினைவை அவர் எறிந்துவிடவில்லை. எல்லோரும் காணுமாறு தொங்கவிட்டார். திரையின் பொன்னிறத்தைக் கண்டு மகிழ்பவர், அருகிற் சென்றபின் அது மூடிகளால் ஆயது என்பதை உணர்ந்து சிந்திக்கத் தொடங்குவர்.

எண்ணிச் செய்க

தொங்கணி செய்வோர் மனத்திற் கொள்ளத்தக்கவை சில உள. வீட்டார் இசைவின்றி எப்பொருளையும் எடுத்தல் ஆகாது. இளையோர்க்குக் குப்பையாகத் தோன்றுவது முதியோர்க்கு நினைவுச் சின்னமாக இருக்கலாம். தொங்கணி செய்யவேண்டும் என்பதற்காகக் கடைக்குச் சென்று புதிய மணிகளை வாங்கிக் குவித்தல் இக்கலையின் நோக்கத்திற்கே மாறானது. கூரிய முனையுள்ளவற்றைத் தலைபடும் உயரத்தில் தொங்கவிடலாகாது. குழந்தைகள் எட்டிப் பறித்து வாயில் இடத்தக்க சிறு பொருள்களையும் தொட்டிலுக்கு மேலே கட்டலாகாது. எல்லாப் பொருளையும் காத்து வைப்பதும் அறிவுடைமை ஆகாது. எதனை அணியாக்கலாம், எதனைப் பிறர்க்குக் கொடுக்கலாம், எதனை விலக்கலாம் என்று பகுத்தறிவதே இதிற் பெறும் பயிற்சியாகும்.

சாவியின் இடம்

முன்னர்க் கூறிய வீட்டில் அச்சிறுமி இரண்டு நாள் உழைத்தாள். தாய் அருகிருக்க உடைவளைச் சங்கிலியைக் கோத்தாள். தாயக்கட்டையையும் பொத்தான் கொத்தையும் கீழ்க்குச்சியில் சமன் செய்தாள். சோழிகளையும் சதங்கைகளையும் அடுத்ததிற் கட்டினாள். இவ்வடுக்குகளை மேற்குச்சியின் ஒரு முனையில் தொங்கவிட்டு, வளையற் சங்கிலியை மறுமுனையில் கட்டியபோது, மேற்குச்சி ஒருபுறம் சாய்ந்தது. நூலைக் குச்சியின் ஓரம்வரை நகர்த்தினாலன்றிச் சமன் வராதவாறு சங்கிலி உயரே எழுந்து நின்றது. கரண்டியைக் கட்டினாள், போதவில்லை. பம்பரத்தையும் சிமிழையும் சேர்த்தாள். கொத்து அழகு கெட்டது. பெட்டியில் வேறு பொருள் இல்லை.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்.

“இதைக் கட்டிப் பார், அம்மா.”

சிறுமி கையை நீட்டவில்லை. “இது வேண்டா என்று சொன்னீர்களே, பாட்டி? இது எந்தப் பூட்டின் சாவி?” என்று கேட்டாள்.

“உன் தாத்தா பிறந்த வீட்டின் தலைவாயிற் சாவி. உன் தந்தையின் படிப்பிற்காக அவ்வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் கதவை மாற்றிப் புதுப்பூட்டு இட்டார்கள். இது என்னிடமே நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளாக எடுத்துப் பார்ப்பேன். மீண்டும் பெட்டியில் வைப்பேன். வாயிலைக் காத்த பொருள், அம்மா. பெட்டிக்குள் அதற்கு என்ன வேலை?”

பின்னின்று கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒன்றும் பேசவில்லை. மாமியார் கையிலிருந்து சாவியை வாங்கி, தன் முந்தானையால் அதன் துருவைத் துடைத்து, மகளிடம் கொடுத்தாள். சிறுமி கரண்டியையும் பிறவற்றையும் அவிழ்த்துவிட்டுச் சாவியைச் சங்கிலியின் அடியிற் கட்டினாள். நூலை இருவிரல் அளவு நகர்த்தினாள். மேற்குச்சி மெல்ல ஆடிக் கிடையாக நின்றது.

பொங்கலன்று காலை வாயில் நிலையில் மாவிலைத் தோரணத்தின் கீழே அத்தொங்கணி ஆடிற்று. வந்தவர்கள் வளையல்களின் நிறத்தைப் பாராட்டினர். அந்தச் சாவி எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். அவர்கள் அனைவர்க்கும் பாட்டி தாமே விடை கூறினார்.

பயிற்சி

1. தகரப்பெட்டியில் இருந்த பொருள்கள் பயனற்றவை ஆனமைக்குக் காரணம் யாது?
2. மறுசுழற்சிக்கும் உயர்பயனாக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. உடைவளைச் சங்கிலி செய்யும் முறையையும், அதிற் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் எழுதுக.
4. 30 செ.மீ. நீளமுள்ள குச்சியின் ஒரு முனையில் 10 கிராம் பொருளும் மறுமுனையில் 5 கிராம் பொருளும் தொங்குகின்றன. குச்சியின் எடையைக் கருதாவிடின், தொங்குநூலை எங்கே கட்ட வேண்டும்?
5. எல் அனட்சுயி மதுப்புட்டி மூடிகளைத் தேர்ந்து செய்த திரைகள் காண்போரைச் சிந்திக்கச் செய்வது எவ்வாறு?
6. பாட்டி முதலிற் சாவியைத் தர மறுத்ததும், பின்னர்த் தாமே முன்வந்து தந்ததும் ஏன்? நும் கருத்தை எழுதுக.
7. இலக்கணக் குறிப்பு வரைக: தொங்கணி, உடைவளை.
8. நும் வீட்டில் துணையிழந்து கிடக்கும் பொருள் ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.